நகமளவு அம்பு

"விளக்கைப் போடுங்கள்" என்றேன்.
போட்டார்.
சோதனைப் பெட்டியின் சிறுதிரையில்
வெளிச்சம் ஒரு கோடு கிழித்தது.
நேராக வந்த கோடு
இடப்பக்கம் போனதும்
ஏணியில் கால் வைத்ததுபோல்
சட்டென்று மேலேறியது.

"எதிரே வருகிறவர் கண்ணைக் குத்தும்.
மாற்றிக்கொண்டு வாருங்கள். அடுத்த வண்டி."
அவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியது.
பனெவேஜிஸ் பரிசோதனைக் கூடத்தில்
ஒரு நாளைக்கு நாற்பது வண்டி.
இதற்குமேல் பேசினால் தொண்டை கட்டிவிடும்.

ரிம்விதாஸ் நகரவில்லை.
பதினான்கு வருஷம் இங்கிலாந்தில், ஸ்பால்டிங்கில்,
முட்டைக்கோஸ் வெட்டிப் பெட்டியில் அடுக்கியவர்.
அங்கே வாங்கிய வண்டி.
கப்பலின் வயிற்றில் பட்டை போட்டுக் கட்டி
இரவெல்லாம் இரண்டுமுறை இறங்கிப்போய்ப் பார்த்தாராம்
சாய்ந்துவிட்டதா என்று.

"பிரேக் பார்த்தீர்கள். புகை பார்த்தீர்கள்.
சேசிஸ் எண்ணைத் துணியால் துடைத்துத் துடைத்துப் படித்தீர்கள்.
எல்லாம் சரி என்றீர்கள்.
வெளிச்சத்துக்கு என்ன நாடு?"

குனியச் சொன்னேன்.
கண்ணாடியின் கீழ்மூலையில்
வட்டத்துக்குள் ஓர் எழுத்து, பக்கத்தில் ஓர் எண்,
அதற்கடியில் நகமளவு அம்பு.
எதிரே நின்று பார்த்தால் வலப்பக்கம் காட்டும்.
ஏறி உட்கார்ந்தால் அதுவே இடப்பக்கம்.
பதினான்கு வருஷமாய் அவர் துடைத்த கண்ணாடி.
முதல்முறையாகப் பார்க்கிறார்.

படிவத்தில் எழுதினேன்:
முகப்பு விளக்கு, தேறவில்லை.
எழுதாமல் விட்டது:
ஆள் இடம் மாறிவிட்டார்,
விளக்கு இன்னும் இடம் மாறவில்லை.

வியாழக்கிழமை
கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டு வந்தார்.
முக்கோணமாய், ஸ்கேல் வைத்து அளந்து,
ஓரத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.
"சுற்றுலா வருகிறவர்களுக்கு இது போதும்" என்றேன்.
"நான் சுற்றுலா வரவில்லையே."
"அதைத்தான் நானும் சொல்கிறேன்."

சொன்னபிறகு
இருவருமே கொஞ்சநேரம்
டேப்பையே பார்த்துக்கொண்டு நின்றோம்.
பின்னால் ஒரு வேன்காரர் ஹாரன் அடித்தார்.

மூன்றாம் முறைக்கு
இரண்டு வாரம் ஆனது.
ஷௌலேய் காயலான் கடையில்,
மானில் மோதிய ஒரு வண்டியின் விளக்கு.
அறுபது யூரோ சொன்னதை நாற்பதுக்குப் பேசியிருக்கிறார்.
திருகுத்துளை பொருந்தவில்லை;
அரம் போட்டு ராவிய தகட்டில்
இன்னும் பச்சை உலோகத்தின் மினுக்கம்.
கண்ணாடியில் மயிரிழைக் கீறல்.
அம்பு இல்லை.
வலப்பக்கம் ஓட்டும் நாடுகளின் விளக்குக்கு
அம்பு கிடையாது.
தன் வழிதான் வழி என்றிருப்பவர்களுக்கு
அம்பு எதற்கு?

கோடு வந்தது. வலப்பக்கம் ஏறியது.
முத்திரை குத்தினேன்.
"பழையதை என்ன செய்வீர்கள்?"
"அண்ணன் வீட்டுக் கராஜில் மாட்டியிருக்கிறேன்.
அங்கேதான் இருக்கிறேன், இப்போதைக்கு.
சுவரைப் பார்த்து எரிகிறது.
எதிரே யாரும் வரப்போவதில்லை."

அக்டோபர் கடைசியில்
ஏழு மணிப் பேருந்தைத் தவறவிட்டு
நடந்து போனேன்.
நடைபாதை இல்லாத சாலையில்
இடது ஓரமாய், வண்டிகளைப் பார்த்தபடி நடக்கவேண்டும்.
சட்டம். என் கோட்டு நுனியில் தொங்கும்
ஒளிர்வில்லையும் சட்டம்தான்.

தூரத்தில் ஒற்றை விளக்கு.
முதலில் பள்ளத்துப் புல் தெரிந்தது,
பிறகு என் பூட்ஸ்,
பிறகு முழங்காலருகே
வில்லை ஆடி ஆடிப் பற்றிக்கொண்டது.
வண்டி வேகம் குறைத்து
ஒரு கை அகலம் விலகிப் போனது.
யாரென்று தெரியவில்லை.
வெளிச்சத்துக்குப் பின்னால் இருப்பவர்
யாருக்கும் தெரிவதில்லை.

தொழில் தோஷம்,
படி எந்தப் பக்கம் ஏறுகிறது என்றுதான்
முதலில் பார்த்தேன்.
என் பக்கம்.

ஒரு விரற்கடை உயரம் அதிகம்தான்.
விட்டுவிட்டேன்.